ஊருக்குக் காத்தாடி வருகிறது: கையெழுத்துக்கு முன் ஊர் செய்ய வேண்டிய வேலைகள்

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் எதிரே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையைக் காட்டினார். "அது நிக்கிற இடம் நான் கிரயம் பண்ணிக் கொடுத்தது. பக்கத்துப் புஞ்சைக்காரனுக்கு எனக்குக் கிடைச்சதைப் போல மூணு மடங்கு. ஆறு மாசம் முந்திக் கையெழுத்துப் போட்டுட்டேன், அவ்வளவுதான்." சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மின்சாரம் நல்ல விஷயம்தான் என்றார். ஆனால் அந்தப் பக்கத்துப் புஞ்சைக்காரரோடு இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் காத்தாடிக்குக் கீழே போகும் வண்டிப்பாதையை விட்டுச் சுற்றித்தான் போகிறார்.

காற்றாலை வந்த ஊர்களில் இப்படிப்பட்ட மனக்கசப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் மேல் கோபம் குறைவு. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள், இன்னொருவனுக்கு அதிகம் கொடுத்தார்கள், சொன்னதைச் செய்யவில்லை என்ற மூன்றின் மேல்தான் கோபம். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் காற்றாலையிலிருந்து 5 மைல் தூரத்துக்குள் வாழும் 1,705 பேரிடம் கேட்டபோது, வெறுப்பாகப் பேசியவர்கள் 8 சதவீதம்தான். திட்டம் நியாயமாக நடந்தது என்று நம்பியவர்கள் காற்றாலையையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

இந்த வழிகாட்டி ஊராட்சி உறுப்பினர்களுக்கும், ஊர் இளைஞர்களுக்கும், நிலம் கேட்டு வரும் நிறுவனத்தில் மனசாட்சியோடு வேலை பார்ப்பவர்களுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உடுமலை, பல்லடம் என்று காற்று அடிக்கும் பகுதிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார் மக்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதல் படி: வருவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சோதனையாகக் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. அப்புறம் தொண்ணூறுகளில் முப்பந்தலில் வரிசை வரிசையாக வந்தவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இன்று வருபவை 2 மெகாவாட், 3 மெகாவாட். கோபுரமே 100 மீட்டரைத் தாண்டும். அதனால் "பக்கத்து ஊர்ல இருக்கே, அது மாதிரிதான்" என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்து ஊர்க் காத்தாடி எந்த வருடத்தது என்று கேளுங்கள்.

கோபுரம் நிற்கும் இடம் கொஞ்சம்தான். இறகு ஏற்றிவரும் நீள லாரி திரும்ப வேண்டும், கிரேன் நிற்க வேண்டும், துணை மின்நிலையம் வரை கம்பி போக வேண்டும். சண்டை பெரும்பாலும் இந்தப் பாதையிலும் கம்பியிலும்தான் வரும், ஏனென்றால் கோபுரத்துக்கு நிலம் கொடுத்தவருக்குப் பணம் கிடைத்திருக்கும், பாதையோரத்துக்காரருக்குப் புழுதி மட்டும் கிடைத்திருக்கும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலக் கணக்கு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். குறிக்கப்பட்ட இடங்களில் எது பட்டா, எது மேய்க்கால் புறம்போக்கு, எது ஓடை, எது வண்டிப்பாதை என்று ஒரு தாளில் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

ஒன்று முக்கியம். இந்தியாவில் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. அனல்மின் நிலையம் வந்தால் ஆட்சியர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமே, அதுபோல ஒன்று உங்கள் ஊருக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். கூட்டத்தை ஊர்தான் கூட்ட வேண்டும்.

இரண்டாம் படி: பட்டா இல்லாதவர்களையும் எண்ணுங்கள்

பேச்சு தொடங்கும் முன் மூன்று பட்டியல் எழுதுங்கள். நிலம் கொடுப்பவர்கள் ஒன்று. நிலம் கொடுக்காமல் சத்தம், நிழல், பாதை, கம்பி ஆகியவற்றால் பாதிக்கப்படுபவர்கள் இரண்டு. அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள் மூன்று. முதல் பட்டியல் அரை மணி நேரத்தில் முடியும். மூன்றாவதை எழுத ஒரு மாதம்கூட ஆகலாம், ஆகட்டும்.

மூன்றாவதில் யார் வருவார்கள்? குத்தகைக்கு உழுபவர். தரிசில் மாடு மேய்ப்பவர். விறகு பொறுக்கும் பெண்கள். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராக வந்து, அறுப்பு முடிந்த வயலில் கிடை போடும் கீதாரிகள். கீதாரியின் குடும்பம் வேறு மாவட்டத்தில் இருக்கும், ஓட்டு வேறு ஊரில் இருக்கும், கிராம சபையில் அவருக்காகப் பேச ஆள் இருக்காது. வேலி போட்ட பிறகு ஆட்டோடு வந்து நிற்கும்போதுதான் அவருக்குச் சேதி தெரியும்.

நார்வே நாட்டில் ஃபோசன் என்ற இடத்தில் நடந்ததை நம் ஊர்க் கீதாரியை நினைத்துக்கொண்டு படியுங்கள். அங்கே ஸ்டோர்ஹையா, ரூவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் 151 காற்றாலைகள் நின்றன. அந்த மலைகள் சாமி மக்களின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேயும் இடம். காற்றாலைகள் ஓட ஆரம்பித்த பிறகு, 2021 அக்டோபர் 11 அன்று, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமங்கள் செல்லாது என்று சொன்னது. மேய்ச்சல் அந்த மக்களின் பண்பாடு, அதைப் பறிப்பது சர்வதேச உடன்படிக்கைக்கு எதிரானது என்பது தீர்ப்பு. தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் ஒன்றும் மாறாததால் 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகத்துக்குள் உட்கார்ந்தார்கள். உடன்பாடு 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும்தான் வந்தது. பசுமை மின்சாரத்துக்குப் பேர்போன நாடு, பட்டியலில் மேய்ப்பவர்களைச் சரியாக எண்ணாததால் வந்த வினை.

மூன்றாம் படி: ஊரின் மனசை ஒவ்வொருவராகக் கேளுங்கள்

இதைத்தான் நிறைய ஊர்கள் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிகிறது.

நில புரோக்கர் வீட்டுக்கு வந்து சொல்லும் வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள்: "எல்லாரும் கொடுத்துட்டாங்கண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி." அடுத்த வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்ந்தவர்கள் நாம். ஊரே சரி என்றுவிட்டது என்று நினைத்ததும் கை பேனாவைத் தேடுகிறது. இது எதிர்ப்புக்கும் பொருந்தும். டீக்கடையில் நாலு பேர் சத்தமாக "வரவே விடக்கூடாது" என்றால், மனசுக்குள் சம்மதம் உள்ளவரும் வாயைத் திறக்க மாட்டார். கடைசியில் ஒவ்வொருவரும் ஊருக்குப் பயந்து ஒன்று சொல்வார்கள், ஊரில் பாதிப் பேருக்கு உண்மையில் வேறு எண்ணம் இருக்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெயர் எழுதாத சீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்குச் சம்மதமா? ஊரில் பத்துப் பேரில் எத்தனை பேருக்குச் சம்மதம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எது மாறினால் உங்கள் பதில் மாறும்?

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. முதல் கேள்வியில் பத்துக்கு எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்ற கணக்கையும் இரண்டாவது கேள்வியின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஊர் தன்னைப் பற்றி எவ்வளவு தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இரண்டையும் பலகையில் எழுதிப் போடுங்கள். "ஏழு பேர் எதிர்ப்பாங்கன்னு நெனச்சோம், மூணு பேர்தான்" என்றோ அதற்கு நேர்மாறாகவோ தெரிந்தால், அதன் பிறகு நடக்கும் பேச்சின் தொனியே வேறு. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை நிறுவனத்தோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள், ஆளுக்கு ஒன்று கொடுங்கள். வீட்டுக்கு ஒன்று என்றால் ஆண்தான் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக் கேளுங்கள். பெட்டியைத் தலைவர் வீட்டில் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் வையுங்கள்.

கூடவே ஊரார் தங்களுக்குள் ஓர் உறுதி எடுத்துக்கொள்ளலாம்: யார் கையெழுத்துப் போட்டாலும், சென்ட் விலையையும் தேதியையும் பலகையில் எழுதுவோம். அந்த டீக்கடைப் பெரியவருக்கு இப்படி ஒரு பலகை இருந்திருந்தால் பக்கத்துப் புஞ்சைக்காரரோடு இருந்த உறவு தப்பியிருக்கும்.

டென்மார்க்கில் சாம்சோ என்று சுமார் 4,000 பேர் வாழும் தீவு 1997-ல் அரசு நடத்திய போட்டியில் ஜெயித்து, முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும் தீவாகத் தேர்வானது. முதலில் தீவில் ஆர்வமே இல்லை. அந்தத் தீவிலேயே விவசாயி வீட்டில் பிறந்த சோரன் ஹெர்மன்சன் என்ற ஆசிரியர், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். ஊர் மதிக்கும் ஆட்கள் சிலர் முதலில் இறங்கினார்கள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தரையில் நிறுத்திய 11 காற்றாலைகளில் 9 தனித்தனி விவசாயிகளுடையவை, 2 பலர் பங்கு போட்டு வாங்கியவை. ஊரோடு ஒத்துப்போகும் அதே குணம் அங்கே நல்லதற்கு உதவியது, ஏனென்றால் முன்னால் போனவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டார், அதை எல்லோரும் பார்த்தார்கள்.

நான்காம் படி: பேச்சு, மாற்ற முடிகிற நேரத்தில் நடக்கட்டும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிறுவனம் முதல் கிரயம் முடிக்கும் முன் வரும் கிராம சபையில் இதைப் பொருளாக வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்துவதில் பயன் இல்லை.

எங்கே கூடுகிறீர்கள் என்பதும் நியாயத்தில் சேர்த்திதான். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம், நூலகம் என்று எல்லோரும் தயங்காமல் வரும் இடமாக இருக்கட்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்த நேரத்தில் வையுங்கள்.

நிறுவனத்திடம் முதலில் இதைக் கேளுங்கள்: "இதில் நாங்கள் எதை மாற்ற முடியும்?" பதில் "ஒன்றும் இல்லை" என்றால், அது கருத்துக் கேட்பு இல்லை, அறிவிப்பு. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடில்கிரன்டன் என்ற இடத்தில் முதலில் மூன்று வரிசையாக 27 காற்றாலை என்றுதான் திட்டம் போட்டார்கள். பொதுமக்கள் நகரத்தின் கடல் காட்சி கெடும் என்றார்கள். எண்ணிக்கையை 20 ஆகக் குறைத்து, ஒரே வளைந்த வரிசையாக மாற்றினார்கள். பாதிப் பங்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்கு. 2001-லிருந்து அது தலைநகரின் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, நேரில் போய்ப் பார்ப்பது. நிறுவனம் வேன் பிடித்து ஊராரை ஏற்கெனவே ஓடும் காற்றாலைக்குக் கூட்டிப் போகும். தை மாதத்தில் போனால் ஒன்றும் தெரியாது, இறகு சும்மா நிற்கும். ஆடி மாதத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போங்கள். காற்றாலைக்கு மிகப் பக்கத்தில் உள்ள வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். விஷ்... விஷ்... என்று ஒரே தாளத்தில் வரும் சத்தம் அங்கே உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுக்கிறதா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, காற்றாலைக்குக் கிழக்கே உள்ள ஒரு வீட்டின் அடுப்படியில் நில்லுங்கள். மேற்கே சூரியன் இறங்கும்போது இறகின் நிழல் சுவரில் வெட்டி வெட்டிப் போகும், யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல இருக்கும். ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் இந்த நிழல் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்ற வரம்பைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பை நீங்களும் கேட்டு வாங்கலாம். நம் மத்திய அரசின் 2016-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடத்தைக் குறித்த அன்றே நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பணம்

பணத்தைத் தப்பான விதத்தில் கொடுத்தால் சம்மதம் குறையும். 1993-ல் சுவிட்சர்லாந்தில் வொல்ஃபென்ஷீசென் என்ற ஊரில் அணுக்கழிவுக் கிடங்கு வைக்கச் சம்மதமா என்று கேட்டபோது 50.8 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஆண்டுதோறும் பணம் தருகிறோம் என்று சேர்த்துக் கேட்டதும் அது 24.6 ஆகக் குறைந்தது. நாட்டுக்காகச் செய்கிறோம் என்று இருந்த மனசு, வாயடைக்கக் காசா என்று மாறிவிட்டது. அணுக்கழிவும் காற்றாலையும் ஒன்றில்லைதான். ஆனால் எதிர்ப்பு கிளம்பிய பிறகு கோயில் கொடைக்கு ஒரு லட்சம், நாலு பேருக்குத் தனியாகக் கவர் என்று நிறுவனம் இறங்கும்போது நம் ஊர்களிலும் இதேதான் நடக்கிறது. வாங்கியவனையும் கொடுத்தவனையும் ஊர் சேர்த்தே வெறுக்கிறது.

அதனால் பணம் முதலிலேயே, எல்லோருக்கும் தெரிய, கணக்கோடு வர வேண்டும். கிரயமா குத்தகையா என்று யோசியுங்கள். கிரயம் கொடுத்தால் ஒரே முறை, மகள் கல்யாணத்தோடு முடிந்துவிடும். குத்தகை என்றால் இயந்திரம் ஓடும்வரை ஆண்டுதோறும் வரும். கையெழுத்துப் போடும் முன் பவர் பத்திரத்தில் (உங்கள் நிலத்தை உங்கள் சார்பில் இன்னொருவர் கையாள அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எந்தெந்த சர்வே எண் இருக்கிறது என்று வக்கீலிடம் வாசித்துக் கேளுங்கள்.

அடுத்து, நிலம் கொடுக்காத பக்கத்துக்காரருக்கு என்ன? ஜெர்மனியில் காற்றாலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்குள் உள்ள ஊராட்சிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் வரை கொடுக்கச் சட்டமே வழி செய்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு, விலைவாசியோடு ஏறும்படி, ஊருக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. டென்மார்க்கில் 2009-லிருந்து பத்தாண்டுக்கு மேல், புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரை கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு முதலில் விற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது.

நம் கணக்குக்கு வாருங்கள். 2 மெகாவாட் இயந்திரம் நம் காற்றில் ஆண்டுக்குச் சுமார் 45 முதல் 50 லட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்குப் பத்துப் பைசா என்று ஊர் நிதிக்குப் பேசினால், ஒரு காற்றாலைக்கு ஆண்டுக்கு நாலரை முதல் ஐந்து லட்சம். பத்துக் காற்றாலை இருந்தால் ஐம்பது லட்சம் வரை. இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று கிராம சபை முடிவு செய்யட்டும், கணக்கு அதே பலகையில் ஏறட்டும். காவலாளி வேலை எத்தனை, அதை எந்த வரிசையில் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வேலை ஒரே தெருவுக்கு, ஒரே சாதிக்குப் போனால் நிதி எவ்வளவு வந்தாலும் ஊர் ஒட்டாது.

ஸ்காட்லாந்தின் கீயா தீவில் ஊராரே சேர்ந்து பழைய காற்றாலை மூன்றை வாங்கி நிறுத்தினார்கள். அவற்றுக்கு நம்பிக்கை, விசுவாசம், அன்பு என்ற பொருளில் பெயர் வைத்து, "ஆடும் பெண்கள்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். தன்னுடையது என்றால் பெயர் வைக்கத் தோன்றும்.

ஆறாம் படி: எழுத்தில்

வாய்ச்சொல் வேண்டாம். ஊராட்சியும் நிறுவனமும் கையெழுத்திட்ட தாளில் இவை இருக்கட்டும்: பாதையை உயர்த்தினால் தண்ணீர் எந்தக் குழாய் வழியாகக் கடக்கும், உடைந்த பாதையை எத்தனை நாளில் சரிசெய்வார்கள், சத்தம் பற்றிப் புகார் வந்தால் யார் அளப்பார்கள், மேய்ச்சல் பாதைக்கு எங்கே வழி, இயந்திரம் வயதானால் அடித்தளக் கான்கிரீட்டை யார் தோண்டி எடுப்பார்கள், நிறுவனம் கைமாறினால் வாங்குபவரையும் இது கட்டுமா.

தண்ணீரை முதலில் வைத்ததற்குக் காரணம் மன்னார். அங்கே தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. அதன் பிறகு தாழ்வான இடங்களில் மழைத்தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்றும், கரைவலைக்கு மீன் வருவது குறைந்தது என்றும் மக்கள் சொல்லி வந்தார்கள். வலசைப் பறவைகள் வந்து தங்கும் தீவு அது. அடுத்து அதானி நிறுவனத்தின் பெரிய திட்டம் வந்தபோது சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு காற்றாலைத் திட்டத்துக்கான பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மக்கள் மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டம்பரில் மறுபடி வேலை தொடங்கியதும் காவல்துறையோடு மோதல், கடையடைப்பு. காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் தீவுக்குள் இனி வேண்டாம் என்றுதான் சொல்கிறோம் என்றார்கள். முதல் திட்டத்தின் குறைகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இரண்டாவதற்கு இவ்வளவு கோபம் சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதிலிருந்து ஊராருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: "முடியாது" என்பதும் கிராம சபையின் ஒரு பதிலாக இருக்க முடிந்தால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு. எதிர்ப்பவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று பேசாதீர்கள். சீட்டில் அவர்கள் எழுதிய மூன்றாவது பதிலை எடுத்து வாசியுங்கள்.

ஏழாம் படி: சுற்ற ஆரம்பித்த பிறகு

வேலை நடக்கும் ஒன்றரை வருடம்தான் ஊருக்கு மிகக் கடினம். புழுதி, லாரி, மறியல் எல்லாம் அப்போதுதான். அதற்குப் பிறகு ஏற்பு மெல்ல ஏறும், சொன்னது நடந்தால். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு புகார் நோட்டு வையுங்கள், புகார் தந்த தேதியும் தீர்ந்த தேதியும் அதில் இருக்கட்டும். முதல் ஆடியிலும் இரண்டாம் ஆடியிலும் அதே மூன்று கேள்விச் சீட்டை மறுபடி கொடுங்கள்.

காற்றாலை ஏற்கெனவே வந்துவிட்ட ஊர்களுக்கு ஒரு சேதி. முப்பந்தல் பக்கம் நிற்பவை போன்ற பழைய சின்ன இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. பழைய 250 கிலோவாட் நின்ற இடத்துக்குப் புதிய கோபுரம் வருமானால், பாதை அகலமாக வேண்டும், கம்பி மாற வேண்டும், அதற்குப் பக்கத்து நிலங்களின் ஒப்புதல் வேண்டும். தொண்ணூறுகளில் கேட்க விட்டுப்போனதைக் கேட்க இது சமயம். பழைய கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, பாதை உரிமை எந்த அகலத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.